அறுபது வயதில் ஒரு பெயர்சூட்டல்

மணவாளனுக்கு அந்த வெள்ளைக்காரரைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகத் தோன்றியது. அவர் திட்டவில்லை, முறைக்கவில்லை, ஒரு குற்றம் குறை சொல்லவில்லை. அதுதான் பிரச்சினையே. மூன்று வாரமாக மனிதர் வாயையே திறக்கவில்லை.

திட்டுகிற ஆளை மணவாளன் சமாளித்துவிடுவார். அம்பத்தூர் எஸ்டேட்டின் வடக்குப் பகுதியில் ஒரே கியர் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவர் அவர். பழைய முதலாளி கெட்ட வார்த்தை கலக்காமல் குட்மார்னிங்கூடச் சொன்னதில்லை. இப்போது கம்பெனியை நடத்தும் அவர் மகள் ரேகா மேடமோ, சிரித்துக்கொண்டே லீவை வெட்டுகிறவர். இரண்டு பேரிடமும் காலம் தள்ளியாகிவிட்டது. பேசாத ஆளை என்னவென்று சமாளிப்பது?

வெள்ளைக்காரர் பெயர் டைட்டோ. ஊர் பின்லாந்து. கம்பெனி புதிதாக வாங்கிய, கியர்ப் பல்லைச் சாணை பிடிக்கும் கிரைண்டிங் மிஷினுக்குப் பின்னாலேயே வந்து இறங்கியவர். ஆறரை அடி உயரம், இமைமுடிகூட வெள்ளை. மிஷினைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, இங்கே ஒருவரைப் பழக்கி, 'இவர் இந்த மிஷினை ஓட்டலாம்' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏப்ரல் பதினாறாம் தேதி அவர் விமானம் ஏறவேண்டும். அதுதான் ஏற்பாடு. கம்பெனியில் அவருக்கு 'வாய் டைட்டு' என்று பட்டம் கட்டி நாளாகிறது.

அந்தத் தாளில் ஒரு பெயருக்குத்தான் இடம். போட்டியில் இரண்டு பேர். ஒருவர் மணவாளன். வயது ஐம்பத்து நான்கு, மேனாம்பேட்டுக்காரர், பத்தாவது பெயில். இன்னொருவன் அசோக். முப்பத்து மூன்று வயது, சேலத்துக்காரன், மெக்கானிக்கல் டிப்ளமோ, நெமிலிச்சேரியில் பிளாட் எடுத்துக்கொண்டு தினமும் ரயிலில் வருகிறவன். மிஷினில் இருக்கும் டச் ஸ்க்ரீனை அசோக் தடவினால் அது சொன்ன பேச்சைக் கேட்கும். மணவாளன் தொட்டால் ஏதோ சிவப்பு எழுத்தில் கத்தும். அசோக் கெட்டவனாக இருந்தாலாவது நன்றாகத் திட்டித் தீர்க்கலாம். அவனோ "அண்ணே, அண்ணே" என்று காலைச் சுற்றி வருகிறவன், வெள்ளைக்காரர் எப்போதாவது உதிர்க்கும் நாலு வார்த்தை இங்கிலீஷை இவருக்காகத் தமிழில் சொல்கிறவனும் அவன்தான்.

ரேகா மேடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். "டைட்டோ சார் யாருக்கு சைன் போடுறாரோ, மிஷின் அவருக்கு. பழைய கிரைண்டர் ரெண்டையும் எடுத்துடப் போறோம். இன்னொருத்தர் ஸ்டோர்ஸைப் பாத்துக்கட்டும்."

ஸ்டோர்ஸ் என்பது கட்டடத்தின் கோடியில் ஜன்னலில்லாத ஓர் அறை. அங்கே உட்கார்ந்து போல்ட், நட்டு, துணி, கையுறை எடுத்துக் கொடுக்கவேண்டும். மணவாளனின் மனைவி நாகம்மாவுக்கு இதில் என்ன கஷ்டம் என்றே புரியவில்லை. "ஃபேனாண்ட குந்திகினு பாக்கற வேலைய்யா. ஒனுக்கு கசக்குதா?" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? மணவாளனுக்குத் தெரிந்த ஒரே வித்தை சாணைக்கல் சுற்றுகிற சத்தம்தான். கல் மழுங்கினால் ஒரு சத்தம், இரும்பு ரொம்பக் கெட்டியாக இருந்தால் ஒரு சத்தம், ஆயில் குறைந்தால் ஒரு சத்தம். அந்தச் சத்தம் இல்லாத அறையில் நாலு வருஷம் உட்கார்ந்துவிட்டு ரிட்டயர் ஆவதை நினைத்தால் அவருக்குத் தாங்கவில்லை. அழுகை வரும்போலிருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

இந்த அழகில்தான் ஏப்ரல் ஒன்பதாம் தேதி அந்தச் சிவப்புப் பட்டன் விவகாரம் வந்தது.

அன்று காலையில் டைட்டோ தன் கையாலேயே கியரை மிஷினில் மாட்டி, நட்டு முடுக்கி, கதவைச் சாத்தினார். அசோக் ஸ்க்ரீனில் தட்டினான். கல் சுற்றத் தொடங்கியது. மணவாளனுக்கு இடம் மிஷினிலிருந்து ஐந்தடி தள்ளி. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும், கல்லின் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. டிக்கு டிக்கு என்று, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி. மணவாளனுக்குச் சந்தேகமே வரவில்லை. எட்டிப் பாய்ந்து சிவப்புப் பட்டனில் ஓங்கி அடித்தார். மிஷின் முனகிக்கொண்டு நின்றது.

"ஐயோ, என்னண்ணே பண்ணீங்க?" என்று அசோக் பதறினான். "ஸ்க்ரீன்ல ஒரு அலாரமும் இல்லையே!"

"சத்தம் வந்துச்சு நைனா."

"எனக்குக் கேக்கலையே."

டைட்டோவுக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் மிஷின் கதவைத் திறந்தார். கையை உள்ளே விட்டார். விட்ட கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கையசைத்தார். அரைமணி நேரம் கழித்து அவரே மிஷினை ஓட்டினார், தன் கறுப்பு நோட்டில் என்னவோ எழுதினார், போய்விட்டார். என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று, ஒரு பேச்சில்லை.

அன்றிலிருந்து மணவாளன் எங்கே நின்றாலும் பின்னால் அந்த ஆறரை அடி நின்றது. இவர் பழைய கிரைண்டரில் வேலை செய்தால் பார்த்தது, கல்லைத் தீட்டினால் பார்த்தது, டீ குடித்தால்கூடப் பார்த்தது. தன் மிஷினைப் பாதியில் நிறுத்திய முட்டாளை இன்னொரு தடவை எதையும் தொடவிடக்கூடாது என்று காவல் நிற்கிறார், வேறென்ன? மணவாளன் முடிவே கட்டிவிட்டார். ஸ்டோர்ஸ் அறையில் ஃபேன் ஓடுகிறதா என்று ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டும் வந்தார்.

பதினோராம் தேதி மத்தியானம், ஆபீஸில் இருக்கும் தாட்சாயிணி கையில் ஒரு தாளோடு கேன்டீனுக்கு வந்தாள். வருகிற விருந்தாளிகளுக்கு ஓட்டலும் வண்டியும் ஏற்பாடு செய்வது அவள் வேலை. கேன்டீன் நடத்தும் முனியம்மா அப்போதுதான் மணவாளனுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"முனியம்மாக்கா, பதினாலாம் தேதி காபியும் ஸ்வீட்டும் வேணும். டைட்டோ சாரோட ஆபீஸ்லேர்ந்து மெயில் வந்திருக்கு. அன்னிக்கு அவருக்கு நேம் டேவாம்."

"அப்டீன்னா?"

தாட்சாயிணி யோசித்தாள். "பேர் நாள். பேர் வைக்கிற நாள்னு நினைக்கிறேன்."

முனியம்மா கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள். "இன்னாம்மா சொல்றே? இம்மாம்பெரிய ஆளுக்கு இனிமேதான் பேரு வைக்கப் போறாங்களா? அப்போ டைட்டோன்றது?"

"பாஸ்போர்ட்ல அப்படித்தான் இருக்கு."

"வயசு இன்னா போட்டுகீது?"

தாட்சாயிணி போனில் தேடினாள். "அறுபது. போன மாசம்தான் முடிஞ்சிருக்கு."

முனியம்மா தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். "அதான் பாரு! நம்பள்ல அறுபது முடிஞ்சா பொண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்றது இல்லியா? எங்க மாமனாரு திருவேற்காட்டுல வச்சுக் கட்னாரே, பேரன் பேத்தியெல்லாம் அட்சதை போட்டுதே. அவங்க ஊர்ல மறுபடி பேரு வைப்பாங்கோ. பொறந்த மாரி கணக்கு."

இது அச்சு அசலாகப் பொருந்திப் போயிற்று. தாட்சாயிணி பி.காம். படித்தவள், கையில் போன் வேறு இருக்கிறது, இரண்டு விரலால் தட்டிப் பார்த்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். ஆனால் இவ்வளவு கச்சிதமாக விளங்கிவிட்ட ஒன்றை யார் தேடிப் பார்ப்பார்கள்? "பாவம்க்கா, குடும்பத்தை விட்டு இவ்ளோ தூரம் வந்து, இப்படி ஒரு விசேஷத்தன்னிக்குத் தனியா இருக்காரே" என்று அவள் கண்கலங்கியேவிட்டாள். போதாக்குறைக்கு ஏப்ரல் பதினாலு சித்திரை ஒன்று. கம்பெனிக்கு லீவு. மிஷின் வேலைக்காக வரும் ஏழெட்டுப் பேர் மட்டும்தான் இருப்பார்கள்.

"காபியும் ஸ்வீட்டுமா குடுத்து அனுப்புவே?" என்றாள் முனியம்மா. "தொட்டில் கட்டி, மூணு தபா காதுல பேரு சொல்லி, முறையா செஞ்சுரலாம். எங்கடா இது, வந்த எடத்துல நாதியில்லாம பேரு வச்சாங்கன்னு அந்த மனுசன் நெனைக்கக்கூடாது. அதுக்கு ஒரு தாய்மாமன் வேணும்." அவள் பார்வை ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்த மணவாளனிடம் வந்து நின்றது. "அண்ணாத்தே, நீதான்."

மணவாளனுக்குப் புரை ஏறியது. "நானா? என்னியவிட ஆறு வயசு பெரியவரும்மா அவரு!"

"அத்தெல்லாம் கணக்குல வராது. கம்பெனில மூத்தவரு நீ. புள்ளைக்கு மாமன் நீ."

"அந்தாளு என்னியக் கண்டாலே கடுப்புல கீறாரு. நான் போயி காதுல ஊதுனா கடிச்சுடுவாரு."

"கடிக்கட்டும். ஊசி போட்டுக்கலாம்" என்று முனியம்மா அடுத்த ஆளுக்குச் சோறு போடப் போய்விட்டாள். ரேகா மேடத்திடம் தாட்சாயிணி போய்ச் சொன்னபோது அவரும் குதூகலமாகி, பதினொரு மணிக்குத் தானே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். இனிப் பின்வாங்க வழியே இல்லை.

சித்திரை ஒன்று விடிந்தது. ஏழெட்டுப் பேர் வரவேண்டிய கம்பெனிக்குப் பத்தரை மணிக்குள் முப்பது பேர் வந்துவிட்டார்கள். அறுபது வயதுப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று செய்தி பரவினால் யார் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்? சிலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கிரேன் ஆப்பரேட்டர் யூசுப் ஹாய்ஸ்டின் கொக்கியைத் தாழ இறக்கி, அதில் முனியம்மாவின் ஊதாப் பட்டுப்புடவையைத் தூளியாகக் கட்டினார். இரண்டு டன் தூக்கும் கொக்கி. "இதுல அவரையே போட்டாலும் தாங்கும்" என்றார் யூசுப். குழந்தையைப் போடுமுன் தொட்டிலில் அம்மிக்குழவியைப் போட்டு எடுப்பது வழக்கமாயிற்றே, அதற்கு எங்கே போவது? ரேக்கிலிருந்து, குழவி மாதிரியே இருந்த நாலு கிலோ இரும்பு பினியன் ஷாஃப்ட் ஒன்றை எடுத்து, எண்ணெய் துடைத்து, பொட்டு வைத்துத் தூளியில் கிடத்தினார்கள். யாரோ போனில் நாதஸ்வரம் போட்டார்கள். மணவாளன் பட்டு வேட்டியில் நெளிந்துகொண்டு நின்றார். வேட்டியை நாகம்மா கட்டாயப்படுத்திக் கட்டி அனுப்பியிருந்தாள். கூடவே தானும் வந்திருந்தாள், வேடிக்கையை விடுவாளா?

சரியாகப் பதினொரு மணிக்கு டைட்டோ உள்ளே நுழைந்தார். இரண்டு கையிலும் ஒரு பெரிய கேக் பெட்டியைத் தாங்கிப் பிடித்திருந்தார். நாதஸ்வரத்தைக் கேட்டு நின்றார். தொட்டிலைப் பார்த்தார். தொட்டிலுக்குள் பொட்டோடு கிடந்த பினியனைப் பார்த்தார். அசோக்கிடம் திரும்பி, "குழந்தை யாருடையது?" என்று கேட்டார். மூன்று வாரத்தில் அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

அசோக் பதில் சொல்லுமுன் முனியம்மா முன்னால் வந்து, ஆள்காட்டி விரலை அந்த ஆறரை அடியின் நெஞ்சுக்கு நேராக நீட்டி, "நீதாம்பா!" என்றாள்.

அசோக் விளக்கினான். மெயிலைச் சொன்னான், அறுபதாம் கல்யாணத்தைச் சொன்னான், முனியம்மாவின் மாமனாரைக்கூட விடவில்லை. டைட்டோ கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகம் மெல்லச் சிவந்தது. சரிதான், கோபம் வந்துவிட்டது, தொலைந்தோம் என்று மணவாளன் கண்ணை மூடிக்கொண்டார். கேட்டது சிரிப்புச் சத்தம். டைட்டோ கேக் பெட்டியை மிஷின் மேல் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ஷெட்டே அதிரச் சிரித்தார். இந்த மனிதருக்குள் இவ்வளவு சத்தம் இருந்ததா என்று எல்லோரும் வாய்பிளந்து நின்றார்கள், அப்புறம் அவர்களும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் அவர் விஷயத்தைச் சொன்னார், அசோக் தமிழில் சொன்னான். அவர்கள் ஊர்க் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் நேராக ஒரு பெயர் போட்டிருக்கும். இன்ன தேதி இன்ன பெயர்க்காரருக்கு என்று. அந்தப் பெயர் உள்ளவர் அன்றைக்குக் கூட வேலை செய்பவர்களுக்குக் காபியும் கேக்கும் வாங்கித் தரவேண்டும். அவ்வளவுதான். டைட்டோ என்ற பெயருக்கு வருஷாவருஷம் ஏப்ரல் பதினாலு.

"சித்திரை ஒண்ணா?" என்றாள் முனியம்மா. அவள் அசரவே இல்லை. "பாரேன், ஊரே இவருக்காவ லீவு உட்டுகீது." தாட்சாயிணி மட்டும் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு, "சாரி சார், சாரி சார்" என்று முனகிக்கொண்டிருந்தாள்.

"சாரி எதற்கு?" என்றார் டைட்டோ. "தொட்டில் கட்டியாகிவிட்டது. என்ன செய்யவேண்டுமோ செய்யுங்கள்."

அப்புறம் என்ன, களைகட்டிவிட்டது. அவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தும் மணவாளன் உயரம் இருந்தார். ரேகா மேடம் மாலை போட்டார். முனியம்மா வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடியை ஒரு ஸ்பூன் அவர் நாக்கில் தடவ, அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் குழந்தைகள் கைதட்டின. "கசப்பா கீதா? வருசம் முச்சூடும் இப்டித்தான்ப்பா கலந்து வரும், முழுங்கு" என்றாள். அவர் முழுங்கினார். இன்னொரு ஸ்பூன் கேட்டு வாங்கியும் சாப்பிட்டார்.

"மாமன் வாங்கோ!" என்று கூப்பிட்டார்கள். நாகம்மா முதுகில் கைவைத்துத் தள்ளினாள். மணவாளன் கால் பின்ன முன்னால் போனார். எந்தக் காதில் சொல்வது என்பதே மறந்துபோயிற்று. கிடைத்த காதருகில் வாயை வைத்து, உலர்ந்த நாக்கோடு, "டைட்டோ... டைட்டோ... டைட்டோ..." என்றார். பெண்கள் குலவை போட்டார்கள். அவர் கடிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

"அதெல்லாம் சரி, பேருக்கு அர்த்தம் இன்னா?" என்று கூட்டத்திலிருந்து யூசுப் கேட்டார்.

டைட்டோ தன் கைகளை விரித்துப் பார்த்தார். பிறகு பேசினார். மூன்று வாரத்துப் பேச்சையும் சேர்த்துவைத்துப் பேசுகிறவர்போல நிறுத்தி நிறுத்திப் பேசினார். நிறுத்திய இடங்களிலெல்லாம் அசோக் தமிழில் சொன்னான்.

"எங்க ஊர்ல ரொம்ப காலம் பேரெல்லாம் வெளியிலேர்ந்து வந்த பேருங்க. சர்ச்ல வைக்கிற பேரு, ஸ்வீடன்காரங்க பேரு. நூறு நூத்தைம்பது வருஷத்துக்கு முன்னாடி, நம்ம பேச்சுலயே பேர் வச்சா என்னன்னு ஜனங்களுக்கு ஒரு வேகம் வந்துச்சு. வீட்ல வயல்ல பேசுற சாதாரண வார்த்தையைத் தூக்கிப் பிள்ளைங்களுக்கு வச்சாங்க. ஒருத்தன் பேரு நம்பிக்கை. ஒருத்தன் பேரு மதிப்பு. ஒருத்தன் வீரன்."

"நம்ம ஊர்லயும் நடந்துச்சே!" என்று மணவாளன் தன்னை மறந்து குரல் கொடுத்தார். "எங்க பெரீப்பா நாராயணசாமியா இருந்தவரு, ஒரே நாள்ல இளங்கோன்னு மாத்திக்கினாரு. எங்க ஆயா சாவற வரிக்கும் நாராயணான்னுதான் கூப்ட்டுது. இவரு திரும்பவே மாட்டாரு."

அசோக் அதை இங்கிலீஷில் சொல்ல, டைட்டோ பலமாகத் தலையாட்டினார். "அதே. அதேதான். எங்க தாத்தாவுக்கு அப்படி வச்சது இந்தப் பேரு. அவர் பேரை எனக்கு வச்சாங்க. டைட்டோன்னா..." அசோக் தமிழ் வார்த்தைக்குத் திணறினான். "ஸ்கில். திறமை. இல்லண்ணே, அதுகூட இல்ல. ஒரு வேலைய எப்படிப் பண்றதுன்னு தெரிஞ்சிருக்கிறது."

"கைப்பக்குவம்" என்றாள் முனியம்மா, அடுப்படியைப் பற்றிப் பேசுகிற நிச்சயத்தோடு.

"அதான். கைப்பக்குவம்" என்று அசோக் ஒப்புக்கொண்டு மேலே சொன்னான். "ஆனா இந்தப் பேரை வச்சுகிட்டு வாழ்றது கஷ்டம்ங்கிறாரு. ஸ்கூல்ல ஆணி வளைஞ்சா, பேரைப் பாரு பேரைன்னு சிரிப்பாங்களாம். பால் குவளை உடைஞ்சா அவங்கம்மா, 'இவனுக்கா இந்தப் பேரு வச்சேன்'னு தலையில அடிச்சுக்குவாங்களாம். அதுக்குப் பயந்தே நாப்பது வருஷமா எந்த வேலையையும் மூணு தடவை சரி பாக்குறாராம்."

அசோக் அங்கே நின்றான். டைட்டோ சொன்னதை இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான். அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஒம்பதாம் தேதி காலைல ரெண்டு தடவைதான் பாத்தாராம். கியரைப் பிடிக்கிற நட்டு முழுசா ஏறலை. அவர் கையால போட்ட நட்டு. அவருக்குக் கேக்கலை. எனக்கும் கேக்கலை. மிஷினுக்கே தெரியலை. இன்னும் ஒரு நிமிஷம் ஓடியிருந்தா கல்லு தெறிச்சிருக்கும், கதவுகிட்ட நின்னது நான். ஒருத்தர் காதுல மட்டும் அது விழுந்திருக்கு." அசோக் மணவாளனைப் பார்த்தான். "அன்னிக்கே சொல்லியிருக்கணும், வெக்கமா இருந்துச்சு, அதனால வாயத் திறக்கலைங்கிறாரு. அதுக்கப்புறம் தினமும் உங்க பின்னாடி வந்து நின்னாராம்ண்ணே. நீங்க கேக்குற சத்தம் தனக்கும் கேக்குதான்னு பாக்குறதுக்கு. பாதிதான் கேட்டுச்சாம்."

யாரோ போனில் நாதஸ்வரத்தை நிறுத்தினார்கள். மணவாளனுக்குக் காது சூடாகியது. ஐந்து நாளாக முதுகுக்குப் பின்னால் காவல் நின்ற ஆள் காவல் நிற்கவில்லை, கற்றுக்கொண்டு நின்றிருக்கிறார்! பாவி மனுஷன், அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்து இரவு தூங்கியிருக்கலாமே என்று ஆத்திரமும், வாய்விட்டுக் கத்தவேண்டும் என்று சந்தோஷமும் ஒரே சமயத்தில் பொங்கிக்கொண்டு வந்தன.

டைட்டோ எழுந்தார். மாலையைச் சரிசெய்துகொண்டார். மணவாளனிடம் வந்து, "எந்தக் காது?" என்று சைகையில் கேட்டார். முனியம்மா ஓடிவந்து வலது காதைத் தொட்டுக் காட்டினாள். ஆறரை அடி குனிந்தது. மாங்காயும் வேப்பம்பூவும் கலந்த மூச்சு காதில் பட்டது.

"டைட்டோ" என்றது அந்தக் குரல். கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தடவை. மறுபடியும் நிறுத்தி, இன்னொரு தடவை.

கூட்டத்துக்கு எதுவும் கேட்கவில்லை. "இன்னாய்யா சொன்னாரு? கையெழுத்துப் போடுவாராமா?" என்று நாகம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு பறந்தாள். அதற்குள் டைட்டோ சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து ரேகா மேடத்திடம் கொடுத்தார். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த அசோக்தான் முதலில் படித்தான்.

"அண்ணே, நீங்கதான்! தேதியப் பாருங்கண்ணே, ஒம்பதாம் தேதியே போட்டுட்டாரு!" என்று கத்திவிட்டு, தனக்கு ஸ்டோர்ஸ் என்பது அப்போதுதான் உறைத்தவனாக நின்றான். நின்றவன், ஒரு நொடிகூட ஆகவில்லை, வந்து மணவாளனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

மணவாளன் அவனை விடவில்லை. அசோக்கின் தோள் வழியாகவே, "மேடம்! இவனை ஸ்டோர்ஸ்ல போட்டா அந்த ஸ்க்ரீன்ல வர்ற இங்கிலீஷை எனுக்கு யாரு படிச்சுச் சொல்றது? நான் காது, இவன் கண்ணு. ரெண்டு பேரையும் மிஷினாண்டயே உட்ருங்கோ, சொல்லிட்டேன்" என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் ஒரு முதலாளியிடம் உரக்கப் பேசியது அன்றுதான். ரேகா மேடம் தாளையும் இவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல நாளும் அதுவுமா இப்படிக் கேட்டா நான் என்ன சொல்றது? சரி, சரி, இருக்கட்டும்" என்றார். யூசுப் விசிலடித்தார்.

கேக்கை வெட்டினார்கள். பன்னிரண்டு பேருக்கு வாங்கிய கேக் முப்பது துண்டாயிற்று. டைட்டோ தானே காபி டம்ளரை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனார். நாகம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து புருஷன் கையைப் பிடித்தாள்.

"யோவ், எல்லாம் சரி. காதுல இன்னாதான் சொன்னாரு? அதைச் சொல்லு மொதல்ல."

மணவாளன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, துடைக்கவும் இல்லை.

"எனுக்கும் பேரு வச்சுட்டாரு, நாகு."